பொய் சொன்ன கல்லும் ஒரு டாக்டரும்

சிவில் டிபார்ட்மென்ட் ஜியாலஜி லேபில் ஒரு மரத்தட்டு இருக்கும். அதில் நம்பர் ஒட்டிய கற்கள் வரிசையாகக் கிடக்கும். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பாருங்கள், கை தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். அது கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது, தண்ணீரைப் போல ஏழரை மடங்கு கனம். பக்கத்திலேயே இன்னொரு கருப்புக் கல் இருக்கும். அதுவும் மினுங்கும், ஆனா கனம் பாதிதான். அது ஸ்பேலரைட், துத்தநாகத் தாது. வைவாவில் இரண்டையும் மாற்றிச் சொல்லி மார்க்கை விட்டவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு.

வருத்தப்பட வேண்டாம். சுரங்கத்திலேயே வாழ்ந்த ஜெர்மன் தொழிலாளர்களும் இதே இடத்தில் ஏமாந்தவர்கள்தான். கலீனா என்று நம்பி உலையில் போடுவார்கள், ஒரு சொட்டு ஈயம் வராது. கடுப்பாகி அதற்கு பிளெண்டே என்று பெயர் வைத்தார்கள். ஏமாற்றுகிற கல் என்று அர்த்தம். பின்னால் வந்த ஸ்பேலரைட் என்ற பெயரும் கிட்டத்தட்ட அதே அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்ததுதான்.

இந்த இரண்டு கற்களும் பூமிக்குள் பெரும்பாலும் ஜோடியாகவே இருக்கும். பல இடங்களில் அவை பாறையில் விழுந்த ஒரு விரிசலை நிரப்பி, மெல்லிய நரம்பு போல ஓடும். நம்ம புத்தகத்தில் வெயின் என்று வருவது இதுதான். சில இடத்தில் ஒரு மீட்டர் அகலம், சில இடத்தில் விரல் அகலம். இப்படிப்பட்ட ஒரு சின்ன நரம்பு எப்படி உருவாகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எப்படிப் பின்தொடர்வது என்று சுமார் 470 வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் விலாவாரியாக எழுதி வைத்தார். அவர் பெயர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா. அவர் சுரங்கத் தொழிலாளியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஊர் வைத்தியர்.

விவசாயி என்று பெயர், படித்தது கிரேக்கம்

1494 மார்ச் 24 அன்று ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் கிளௌஹௌ என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரத் தொழிலில் இருந்தவர். பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் கேயோர்க் பௌவர். பௌவர் என்றால் விவசாயி. அந்தக் காலத்தில் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். விவசாயிக்கு லத்தீனில் அக்ரிகோலா. மண்ணுக்கு மேலே வேலை செய்பவரின் பெயரை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுக்க மண்ணுக்குக் கீழே பார்த்தவர் இவர்.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1518-ல் ஸ்விக்கௌ என்ற ஊரில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரானார். அவருடைய முதல் புத்தகமே லத்தீன் இலக்கணம். பிறகு மருத்துவத்தில் ஆர்வம் வந்தது. இத்தாலிக்குப் போய் மருத்துவம் படித்தார். வெனிஸில் ஆல்டஸ் அச்சகம் பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தது. அந்த வேலையிலும் சேர்ந்துகொண்டார். பழைய ஏடுகளை வரி வரியாக ஒப்பிட்டு, எது சரி எது தப்பு என்று பார்க்கிற வேலை. பின்னாளில் பாறையையும் அதே மாதிரிதான் படித்தார்.

வெள்ளி ஊரின் வைத்தியர்

1527-ல் யோவாகிம்ஸ்டால் என்ற ஊரில் நகர வைத்தியர் வேலை கிடைத்தது. ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் நடுவில் எர்ட்ஸ்கெபிர்கெ என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. தாது மலை என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். அதன் தெற்குச் சரிவில் இருக்கும் இந்த ஊர் இன்று செக் நாட்டில் யாஹிமோவ் என்ற பெயரில் இருக்கிறது. வெள்ளி கிடைத்ததால் 1516-ல் திடீரென்று முளைத்த ஊர் அது. அங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு யோவாகிம்ஸ்டாலர் என்று பெயர். அது சுருங்கி டாலர் ஆனது. இன்றைய அமெரிக்க டாலரின் பெயர் இந்த மலைக்கிராமத்திலிருந்து கிளம்பியதுதான்.

அக்ரிகோலா அங்கே போனதற்குக் காரணம் சம்பளம் மட்டும் இல்லை. பழைய கிரேக்க, ரோமானிய நூல்களில் நிறைய கனிமங்கள் மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனா எந்தப் பெயர் எந்தக் கல்லைக் குறிக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சுரங்க ஊரில் நேரில் பார்த்தால் தெரியும் என்று நினைத்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சுரங்கத்திலும் உலைக்களத்திலும் கழித்தார். தொழிலாளர்களிடம் கேட்டார், வியாபாரிகளிடம் கேட்டார், உலைக்காரர்களிடம் கேட்டார். மருந்து தேடிப் போனவர் வேறொன்றைக் கண்டுகொண்டார். கீழே ஒரு பெரிய அறிவு இருக்கிறது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது.

1530-ல் பெர்மானுஸ் என்ற சின்னப் புத்தகம் பாசல் நகரில் வெளிவந்தது. இரண்டு மருத்துவர்கள் சுரங்க விவரம் தெரிந்த ஒருவரோடு நடந்துகொண்டே பேசுவது போன்ற உரையாடல். கவனியுங்கள், அதில் கேள்வி கேட்பவர்கள் படித்த டாக்டர்கள், பதில் சொல்பவர் சுரங்கக்காரர். ஐரோப்பாவின் பெரிய அறிஞர் இராஸ்மஸ் அந்தப் புத்தகத்துக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அறிஞர்கள் படிப்பது லத்தீனில், சுரங்கத்தில் பேசுவது ஜெர்மனில். பம்ப், ஷாஃப்ட், தாது கழுவும் தொட்டி என்று எதற்கும் லத்தீனில் சரியான சொல் கிடையாது. சுரங்கக்காரர்கள் வாயில் இருந்த ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து அவற்றுக்கு லத்தீன் சொற்களைத் தானே உருவாக்கினார். 1546-ல் அதற்கென ஒரு சொற்பட்டியலும் வெளியிட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு ஸ்ட்ரைக்குக்கும் டிப்புக்கும் தமிழில் என்ன சொல்வது என்று முழிக்கிற எனக்கு இவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிசல் முதலில், தாது பிறகு

1530-களின் தொடக்கத்தில் கெம்னிட்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் நகர வைத்தியர் வேலைதான். 1546-ல் அவருடைய பல நூல்கள் ஒரே தொகுப்பாக வந்தன. அதில் ஒன்று, பூமிக்குள் இருக்கும் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றியது.

அந்தக் காலத்து நம்பிக்கை என்ன தெரியுமா? ஒவ்வொரு உலோகத்தையும் ஒவ்வொரு கிரகம் விளைவிக்கிறது. தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன், ஈயத்துக்குச் சனி. சுரங்கக் கையேட்டில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. அக்ரிகோலா அதை ஏற்கவில்லை. பூமி படைக்கப்பட்டபோதே தாது நரம்புகளும் கூடவே படைக்கப்பட்டன என்பதையும் ஏற்கவில்லை. பாறை முதலில் வந்தது, அதில் விரிசல் பிறகு வந்தது, அந்த விரிசல் வழியே பூமிக்குள் சுற்றிவரும் ஒரு சாறு தாதுவைப் படியவைத்தது என்றார்.

சாறு என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இன்றைக்கு நாம் படிப்பதும் அதுதான். உப்பு கரைந்த சூடான நீர் ஆழத்தில் பாறைகளின் வழியே போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் ஒரு விரிசலில் ஏறி வரும்போது சூடு குறைகிறது, அல்லது கந்தகம் உள்ள வேறொரு நீரோடு கலக்கிறது. அப்போது கரைந்திருந்த உலோகங்கள் கலீனாவாகவும் ஸ்பேலரைட்டாகவும் சுவரில் படிகின்றன. கூடவே குவார்ட்ஸ், கால்சைட் போன்றவையும் படியும். நம் வீட்டு போர் தண்ணீர்க் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்துக்கொள்வது போல. வேதியியல் சமன்பாடு, மைக்ராஸ்கோப் எதுவும் இல்லாத காலத்தில், விரிசலுக்கு வயது குறைவு, தாதுவுக்கு அதைவிடக் குறைவு என்ற வரிசையை அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

குச்சியா, கண்ணா?

அவருடைய பெரிய புத்தகம் டெ ரே மெட்டாலிக்கா. உலோகத் தொழில் பற்றி 12 பாகங்கள். இரண்டாம் பாகத்திலும் மூன்றாம் பாகத்திலும்தான் நரம்பைத் தேடும் கலை வருகிறது.

அன்றைக்கு நரம்பு தேடுவதற்குப் பிரபலமான கருவி கவட்டைக் குச்சி. நம்ம ஊரில் போர் போடும் முன்னால் குச்சியோ தேங்காயோ வைத்து நீரோட்டம் பார்ப்பார்களே, அதே ரகம். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் குச்சி வேறு. வெள்ளிக்கு ஹேசல் மரம், செம்புக்கு ஆஷ் மரம், ஈயத்துக்குப் பைன் மரம். அக்ரிகோலா இந்த முறையை மறைக்காமல் முழுதாக எழுதினார். குச்சி திரும்புகிறது என்பவர்களின் வாதத்தையும், இல்லை என்பவர்களின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசியில், நல்ல சுரங்கக்காரனுக்கு இந்தக் குச்சி தேவையில்லை, இயற்கை தரும் அடையாளங்களைப் பார்த்தாலே போதும் என்று முடித்தார்.

என்ன அடையாளங்கள்? ஓடையில் உருண்டு வந்த தாதுத் துண்டுகளைப் பார்க்கச் சொன்னார். அவை மேலே எங்கோ இருக்கும் ஒரு நரம்பிலிருந்து உடைந்து வந்தவை. வெள்ளம் அரித்த இடம், மரம் வேரோடு சாய்ந்த பள்ளம், காட்டுத்தீக்குப் பிறகு தெரியும் பாறை எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னார். கோஸ்லார் ஊரில் ஒரு குதிரை காலால் மண்ணைக் கிளறியதில் ஈய நரம்பு தெரிந்தது என்ற கதையையும் குறிப்பிட்டார். ஒரே கோட்டில் நிற்கும் மரங்களின் இலை நிறம் மாறியிருந்தால் சந்தேகப்படச் சொன்னார்.

இதில் பெரும்பகுதி இன்றும் செல்லுபடியாகிறது. ஓடை மணலை வரிசையாக எடுத்து லேபில் ஈயமும் துத்தநாகமும் எவ்வளவு என்று பார்ப்பது இன்றைய தேடலில் முக்கியமான முதல் படி. துத்தநாகம் தண்ணீரோடு கரைந்து வெகுதூரம் போய்விடும். ஈயம் அவ்வளவு சீக்கிரம் நகராது, நரம்புக்குப் பக்கத்து மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் துத்தநாகம் எந்தப் பள்ளத்தாக்கு என்று காட்டும், ஈயம் எந்த இடம் என்று காட்டும். செடி விஷயமும் பொய்யில்லை. துத்தநாகம் நிறைந்த மண்ணில் மட்டுமே செழிக்கும் ஒரு மஞ்சள் வயலட் பூ ஜெர்மனியின் ஆஹன் பகுதியில் இன்றும் பூக்கிறது. ஆனா நரம்பிலிருந்து கிளம்பும் சூடான ஆவிதான் செடியை வாட்டுகிறது என்று அவர் சொன்ன காரணம் தப்பு. பார்த்தது சரி, விளக்கம்தான் தவறிப்போனது.

நரம்பு கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. சின்ன நரம்பு நேராகப் போகாது. பத்தடி தூரம் ஓரடி அகலமாக இருந்தது திடீரென்று மூன்று விரல், இரண்டு விரல் என்று சுருங்கும். எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் தோண்டினால் வெறும் பாறைக்குள் காசைக் கொட்ட வேண்டியதுதான். அக்ரிகோலா நரம்புகளை வகை பிரித்தார். செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குபவை, படுக்கையாகப் பரவுபவை, ஒரே இடத்தில் குவிந்திருப்பவை, நரம்பிலிருந்து பிரியும் மெல்லிய இழைகள். திசைகாட்டியை வைத்து ஓடும் திசையைக் குறிப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார். கயிறும் முக்கோணக் கணக்கும் வைத்து, மலைப்பக்கத்திலிருந்து குடையும் வழி ஷாஃப்டைச் சேர இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்கிடும் முறை ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. நம்ம சர்வேயிங் பேப்பரின் தாத்தா அது.

கையில் இருந்தும் தெரியாதது

இவ்வளவு பார்த்த மனிதரும் ஏமாற்றுக் கல்லிடம் ஏமாந்தார். கோஸ்லார் பக்கத்து ரம்மெல்ஸ்பெர்க் மலையின் ஈயத் தாதுவை உருக்கும்போது உலைச் சுவரின் இடுக்குகளில் ஒரு வெள்ளை உலோகம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அக்ரிகோலா அதைக் குறித்து வைத்தார். ஸின்கும் என்ற சொல்லும் அவர் எழுத்தில் வருகிறது. ஆனா அந்த உலோகமும், சுரங்கக்காரர்கள் திட்டிக்கொண்டே தூக்கிப்போடும் பிளெண்டேயும் ஒரே குடும்பம் என்று அவர் இணைத்துப் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதைத் தாதுவிலிருந்து பிரிக்கவோ அதற்கும் மேலே சூடு வேண்டும். அதனால் உலோகம் உருவாகும்போதே ஆவியாகக் கிளம்பி, காற்றுப் பட்டதும் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்த ஆவியைக் காற்றுப் படாமல் பிடித்துக் குளிரவைத்தால்தான் உலோகம் கையில் நிற்கும்.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அப்போது உலகத்தில் இருந்தார்கள். ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் ஜாவர் என்ற ஊரில், அக்ரிகோலா பிறப்பதற்கு முன்பிருந்தே துத்தநாகம் வடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண்குடுவையில் தாதுவைப் போட்டு, கழுத்தில் ஒரு குழாயை வைத்துத் தலைகீழாக அடுக்குவார்கள். ஒரு உலைக்கு 36 குடுவை. மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. ஆவி கீழ்நோக்கி இறங்கி அங்கே உலோகமாகச் சொட்டும். ஐரோப்பாவில் இதைத் தொழிலாகச் செய்ய 1738 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்ரிகோலா சுரங்கக்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஜாவர்க்காரர்களைக் கேட்டு எழுதிவைக்க ஒருத்தரும் வரவில்லை. உடைந்த குடுவைக் குவியல்களை வைத்துத்தான் அவர்களுடைய முறையைப் பின்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

டெ ரே மெட்டாலிக்காவின் முதல் பாகத்தில் அவர் சுரங்கத்துக்கு எதிரான குற்றச்சாட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லத் தொடங்குகிறார். காடு அழிகிறது, பறவையும் மிருகமும் போய்விடுகின்றன, தாது கழுவிய நீர் ஓடையில் கலந்து மீன் சாகிறது. இன்றைய சுற்றுச்சூழல் வாதத்தின் முக்கால்வாசி அதில் இருக்கிறது. அவர் நின்றது சுரங்கத்தின் பக்கம்தான். உலோகம் இல்லாமல் மனிதன் மிருகம் போல வாழ வேண்டியிருக்கும் என்பது அவர் பதில். அவருக்கே ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் பங்கு இருந்தது, அதில் நல்ல வருமானமும் வந்தது. அதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பாகத்தைப் படிக்க வேண்டும்.

ஆனா அவருக்குள் இருந்த டாக்டர் தூங்கவில்லை. ஆறாம் பாகத்தில் காற்றோட்ட இயந்திரங்களையும் தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் விவரித்த கையோடு தொழிலாளிகளின் நோய்களுக்கு வருகிறார். கல்தூசி நுரையீரலைத் தின்றுவிடுகிறது என்கிறார். கார்பேத்தியன் மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருப்பதைப் பதிவு செய்கிறார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல்கிறார். அதே பக்கங்களில் சுரங்கப் பேய்களையும் ஆபத்துகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். கிரகங்களைத் தூக்கிப்போட்டவரால் பேயை விட முடியவில்லை!

திறக்காத கல்லறை

கெம்னிட்ஸில் அவருக்கு மரியாதை கூடியது. 1546-ல் மேயரானார், பிறகும் சில முறை அந்தப் பதவிக்கு வந்தார். ஆனா காலம் மாறிக்கொண்டிருந்தது. லூதரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஊர் முழுக்க புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டது. அக்ரிகோலா கடைசி வரை கத்தோலிக்கராகவே இருந்தார். 1550-களின் தொடக்கத்தில் கொள்ளைநோய் வந்தபோது அதே ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தார், அந்த நோயைப் பற்றி 1554-ல் ஒரு நூலும் எழுதினார்.

பெரிய புத்தகம் 1550-லேயே எழுதி முடிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் படங்கள். வெறும் வார்த்தையில் சொன்னால் பின்னால் வருபவர்களுக்குப் புரியாமல் போய்விடும் என்று நினைத்து, ஓவியர்களைக் கூலிக்கு வைத்து ஒவ்வொரு கருவியையும் வரையவைத்தார். அவற்றை மரக்கட்டையில் செதுக்கினார்கள். கிட்டத்தட்ட 300 படங்கள். அச்சகம் வேலையை முடிப்பதற்குள், 1555 நவம்பர் 21 அன்று அக்ரிகோலா இறந்துபோனார். புத்தகம் 1556-ல் வெளிவந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கெம்னிட்ஸ் அவருடைய உடலுக்கு இடம் கொடுக்கவில்லை. கத்தோலிக்கருக்கு இங்கே அடக்கம் கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். மேயராக இருந்தவர், கொள்ளைநோயில் கூட இருந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸைட்ஸ் நகருக்கு உடலைக் கொண்டுபோய், நண்பரான பிஷப்பின் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவருக்குச் சொந்த ஊரில் ஆறடி மண் கிடைக்கவில்லை.

எறிந்த குவியலில் இருந்து

புத்தகம் மட்டும் நிலைத்தது. சுமார் 180 வருஷம் ஐரோப்பிய சுரங்கக்காரர்களுக்கு அதுதான் பாடநூல். ஆனா ஆங்கிலத்தில் 1912 வரை வரவே இல்லை. காரணம், அவர் உருவாக்கிய லத்தீன் சொற்கள் லத்தீன் பண்டிதர்களுக்கே புரியவில்லை. கடைசியில் அதை மொழிபெயர்த்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். மனைவி லூ ஹூவர், ஜியாலஜி படித்தவர், லத்தீன் தெரிந்தவர். கணவர் ஹெர்பர்ட் ஹூவர், சுரங்க இன்ஜினியர். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவரும் இவரேதான். ஒரு சொல் புரியாதபோது, அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கும் என்று யோசித்து அர்த்தம் பிடித்தார்கள்.

அந்த ஹூவர் அதற்குச் சில வருஷம் முன்னால் செய்த வேலை என்ன தெரியுமா? ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துவிட்டு வேண்டாம் என்று கொட்டிய குவியல்களிலிருந்து துத்தநாகத்தைப் பிரிக்க 1905-ல் தொடங்கிய கம்பெனியில் அவரும் ஒருவர். அக்ரிகோலா காலத்தில் திட்டித் தூக்கி எறிந்த அதே கல்தான் அந்தக் குவியலில் இருந்தது.

அடுத்த முறை லேபுக்குப் போனால் இரண்டு கல்லையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள். கனமானது கலீனா, லேசானது ஸ்பேலரைட். வைவாவுக்கு அது போதும். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால், லேபில் ரொம்ப வருஷமாக இருக்கும் அட்டெண்டர் அண்ணாவிடம் அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தவை என்று கேளுங்கள். அக்ரிகோலாவாக இருந்தால் அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார்.